பாகப்பிரிவினையில் டொமைன் யாருக்கு?

மார்ச் முதல் தேதி, காலை ஏழு மணி. டீ கூடக் குடிக்கவில்லை, போன். "தம்பி, நம்ம ஆபீஸ்ல யாருக்கும் மெயில் வரலை. ராத்திரிதான் புது சர்வருக்கு மாத்தினாங்க. காப்பி பண்றதுதானே வேலை, அதுல என்ன குழப்பம்?"

பன்னிரண்டு மாதத்தில் இப்படி வந்த நான்காவது போன் இது. தென்னாப்பிரிக்காவில், டர்பன் துறைமுகத்தை நம்பித் தொழில் நடத்தும் குடும்பம். அண்ணனும் தம்பியும் தொழிலைப் பிரித்துக்கொண்டார்கள். இறக்குமதி அண்ணனுக்கு, கடைகள் தம்பிக்கு. வக்கீல் போட்ட ஒப்பந்தத்தைப் பிறகு வாங்கிப் பார்த்தேன். குடோன், லாரி, ஃபோர்க்லிஃப்ட் எல்லாம் இருந்தன. தைப்பூசக் காவடிக்கு அன்னதானம் எந்த வருடம் யார் பொறுப்பு என்பது கூட இருந்தது. டொமைன், அதாவது மெயில் முகவரியில் @ குறிக்குப் பின்னால் வரும் பெயர், அதைப் பற்றி ஒரு வரி இல்லை.

டொமைன் தம்பி பக்கத்திலேயே தங்கிவிட்டது. அண்ணன் கம்பெனி புதுப் பெயரில் புது முகவரிகளுக்குப் போனது. பழைய மெயில்கள் எல்லாம் ஒழுங்காகவே காப்பி ஆகியிருந்தன. ஆனால் அதே இரவு, 'அவர்கள்தான் போய்விட்டார்களே' என்று தம்பி பக்கத்து ஐடி பையன் 23 மெயில்பாக்ஸ்களை அழித்துவிட்டான். கப்பல் கம்பெனி கன்டெய்னர் வந்துவிட்டது என்று பழைய முகவரிக்குத்தான் எழுதியது. எடுக்க ஆள் போகவில்லை. இலவச நாட்கள் தாண்டி, துறைமுகத்தில் நின்ற ஒவ்வொரு நாளுக்கும் காசு.

இந்த ஒன்றை மட்டும் திரும்பத் திரும்பச் சொல்லப் போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். மெயில்பாக்ஸ் வேறு, முகவரி வேறு. மெயில்பாக்ஸ் என்பது சேர்ந்து கிடக்கும் பழைய சரக்கு. அதை எத்தனை காப்பி வேண்டுமானாலும் எடுக்கலாம், எங்கே வேண்டுமானாலும் கொண்டு போகலாம். நாளைக்கு வரப்போகும் மெயில் அதைப் பார்த்து வருவதில்லை. முகவரியில் @ குறிக்குப் பின்னால் இருக்கிறதே, அந்த டொமைனைப் பார்த்து வருகிறது. அனுப்புகிறவரின் சர்வர் 'இந்த டொமைனுக்கு மெயில் வாங்குகிறவர் யார்' என்று இணையத்தின் முகவரிப் புத்தகமான டிஎன்எஸ்ஸிடம் கேட்கும். அதில் மெயிலுக்கென்று இருக்கும் வரியான எம்எக்ஸ் ரெக்கார்டு எந்தப் பக்கம் கை காட்டுகிறதோ அங்கே போய்க் கொடுக்கும். உங்கள் ஐம்பது ஜிபி பழைய மெயில் எந்தக் கம்ப்யூட்டரில் இருக்கிறது என்று அது கேட்பதே இல்லை. மைக்ரோசாஃப்ட் 365-ல் ஒரு டொமைன் ஒரு நேரத்தில் ஒரே டெனன்டில்தான், அதாவது ஒரே கம்பெனியின் கணக்கில்தான், இருக்க முடியும். "ரெண்டு பேரும் அதே பேரை வெச்சுக்கறோம் தம்பி" என்றால், ஒருவர் வாங்கி மற்றவருக்குத் தள்ளிவிட வேண்டும். அதாவது பிரிந்த பிறகும் உங்கள் மெயில் எல்லாம் அவர் வீட்டு வாசல் வழியாகத்தான் வரும். சம்மதமா என்று முதலில் யோசியுங்கள்.

ஆகவே ஒப்பந்தத்திலேயே எழுதி வாங்குங்கள்: டொமைன் யாருக்கு, வெளியே போகிறவருக்கு எத்தனை மாதம் ஃபார்வர்ட் ஓடும், அதுவரை எதையும் அழிக்கக் கூடாது. ஒரு வருடம் கேளுங்கள். ஆறு மாதத்துக்குக் கீழே இறங்காதீர்கள்.

மெயில் சர்வர் மாற்றிக் கொடுக்கும் எங்கள் தொழிலில் இருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. சர்வர் அணைந்து கிடந்தால் மெயில் உடனே தொலைந்துவிடாது. அனுப்பிய சர்வர், அதன் அமைப்பைப் பொறுத்து, ஒரு நாளிலிருந்து நான்கைந்து நாள் வரை திரும்பத் திரும்பத் தட்டிப் பார்க்கும். 'அப்படி யாரும் இங்கே இல்லை' என்று உங்கள் சர்வர் வாய்விட்டுச் சொன்னால்தான் அந்த நொடியே திரும்பிப் போகும். அந்த 23 பேருக்கும் நடந்தது இதுதான். அழிப்பதற்குப் பதில் சர்வரையே அணைத்துப் போட்டிருந்தால் கூட நஷ்டம் குறைவு.

அழித்தவற்றை மைக்ரோசாஃப்ட் 365-ல் 30 நாளுக்குள் மீட்கலாம். மீட்டோம். ஆனால் இடையில் திரும்பிப் போன மெயிலை எங்கே போய் மீட்பது?

அப்புறம் தேதி. பிப்ரவரி கடைசி இரவு வேண்டவே வேண்டாம். கணக்கு வருடம் அன்று முடிகிறது என்பதற்காகச் சர்வரும் அன்றே மாற வேண்டியதில்லை. மாதக் கடைசி வேலை நாள், வரித் துறையின் ஆன்லைன் தளமான ஈஃபைலிங்கில் வாட் வரி கட்டும் நாள், சம்பளம் போடும் நேரம். சார்ஸ் என்ற அந்த வரித் துறைக் கணக்கிலும் வங்கியிலும் ஓடிபி எந்த முகவரிக்கு வருகிறது என்று பார்த்து, பழைய முகவரி உயிரோடு இருக்கும்போதே மாற்றிவிடுங்கள். ஸ்கேன் செய்து மெயில் அனுப்புகிறதே, அந்த மூலை ஜெராக்ஸ் மெஷின், அதையும் பாருங்கள். பழைய சர்வரின் பாஸ்வேர்டை என்றைக்கோ யாரோ அதன் சின்னத் திரையில் தட்டி வைத்திருப்பார்கள். நானே ஒரு முறை இதை மறந்துவிட்டு ஒரு வாரம் வசவு வாங்கினேன்.

இன்னொன்று, இதற்குக் கோபமே வரும். 'நம்ம மெயில் நம்ம கையில இருக்கட்டும்' என்று மொத்தத்தையும் பிஎஸ்டி என்ற ஒரே ஃபைலாகக் கட்டி பென் டிரைவில் வீட்டுக்குக் கொண்டு போவது. அதில் பாதி இப்போது உங்களுடையது இல்லை, அடுத்த கம்பெனியின் ஊழியர், வாடிக்கையாளர் விவரங்கள். தகவல் பாதுகாப்புக்கான போபியா சட்டம் 2021 ஜூலை 1 முதல் முழுதாக அமலில் இருக்கிறது. அது தனி ஆட்களை மட்டுமல்ல, கம்பெனிகளின் தகவலையும் காக்கிறது. அபராதம் ஒரு கோடி ராண்ட் வரை போகலாம். அண்ணன் தம்பி என்று சட்டம் பார்க்காது.

வாடிக்கையாளருக்குச் சொல்வதிலும் நிதானம் வேண்டும். 'எங்கள் மெயில் முகவரி மாறிவிட்டது, வங்கிக் கணக்கும் மாறிவிட்டது' என்று ஒரே மெயிலில் எழுதாதீர்கள், கெஞ்சிக் கேட்கிறேன். திருடன் எழுதுவதும் அச்சு அசல் அப்படித்தான். நம் நாட்டிலேயே, வீடு வாங்கிய ஒரு பெண்மணி மோசடி மெயிலில் இருந்த கணக்குக்கு 55 லட்சம் ராண்ட் அனுப்பிவிட்டார். அந்த விற்பனையைக் கவனித்த வக்கீல் நிறுவனமே பொறுப்பு என்று 2023-ல் ஜோகன்னஸ்பர்க் உயர் நீதிமன்றம் சொன்னது. 2024-ல் உச்ச மேல்முறையீட்டு நீதிமன்றம் அதைத் தள்ளிவிட்டது. அவரே சரிபார்த்திருக்கலாம் என்றது. போன் போட்டுச் சொல்லுங்கள். பழைய எண்ணிலிருந்து, தெரிந்த குரலில்.

பழைய டொமைன் இனி வேண்டாம் என்று இரண்டு பேருமே விட்டுவிடுவதும் உண்டு. அது காலாவதியானால் யார் வேண்டுமானாலும் வாங்கலாம். உங்கள் பழைய முகவரிக்கு வரும் மெயில் எல்லாம் வாங்கியவனுக்குப் போகும், 'பாஸ்வேர்ட் மறந்துவிட்டதா' மெயிலும் சேர்த்து. வருடத்துக்குச் சில நூறு ராண்ட். கட்டித் தொலையுங்கள்.

இதை அந்த அண்ணனிடம் சொன்னபோது, "தம்பி பாத்துக்குவான்" என்றார். தம்பியிடம் கேட்டேன், "அண்ணன் கட்டறாரு" என்றார். சரி, யார் பெயரில்தான் இருக்கிறது என்று தேடினால், 2009-ல் அவர்களுக்கு வெப்சைட் செய்து கொடுத்த பையன் பெயரில் இருக்கிறது. அவன் இப்போது கேப் டவுனில் எங்கோ இருக்கிறானாம். நம்பரைத் தேடிக்கொண்டிருக்கிறோம்.