அடிபம்புக் காட்சியில் கைக்குள் என்ன நடக்கிறது?

'தி மிராக்கிள் வொர்க்கர்' (1962) பார்த்த யாரிடம் கேட்டாலும் கடைசியில் வரும் அடிபம்புக் காட்சியைத்தான் சொல்வார்கள். தண்ணீர் கொட்டுகிறது, கண் தெரியாத, காது கேளாத சிறுமி ஹெலன் கெல்லருக்குச் சட்டென்று எல்லாம் புரிகிறது. படத்துக்குச் சரி, ஆனால் எனக்கு அதற்கு முந்தைய ஒரு மாதம்தான் சுவாரசியம்.

ஆசிரியை ஆன் சல்லிவன் அலபாமாவுக்கு வந்தது 1887 மார்ச் 3. வந்ததிலிருந்தே ஹெலனின் கைக்குள் விரல்களால் ஆங்கில எழுத்துகளைப் போட்டுக்கொண்டே இருந்தார். நீங்களே செய்து பாருங்கள்: நடு மூன்று விரல்களை நிமிர்த்தி, சுண்டுவிரலைக் கட்டைவிரலால் பிடித்தால் டபிள்யூ. எல்லா விரலையும் மடக்கி, கட்டைவிரலைப் பக்கவாட்டில் ஒட்டினால் ஏ, அதே கட்டைவிரலை ஆள்காட்டிக்கும் நடுவிரலுக்கும் நடுவே செருகினால் டி (T). கண்ணால் பார்த்தாலே குழப்புகிற வித்தியாசம் இது, தடவிப் பார்த்து எப்படிப் பிடிபடும்?

பிடிபடும், ஏனென்றால் விரல்நுனியில் சுமார் 2 மில்லிமீட்டர் தள்ளி இரண்டு முனைகள் பட்டாலே இரண்டு என்று தெரிந்துவிடும். முதுகில் சில சென்டிமீட்டர் தள்ளி இருந்தால்தான் தெரியும். விளிம்பையும் வடிவத்தையும் உணர ஒருவகை நரம்புமுனை, தோலில் நகர்வதை உணர இன்னொரு வகை. பழகியவர்கள் நொடிக்கு ஐந்தாறு எழுத்துகள்கூடப் படித்துவிடுவார்கள்.

சிக்கல் விரலில் இல்லை. ஹெலன் அந்த எழுத்துகளைத் திருப்பிப் போட்டுக் காட்டக் கற்றிருந்தாள், ஆனால் குவளையையும் அதில் இருப்பதையும் குடிப்பதையும் போட்டுக் குழப்பினாள். அவளுக்கு இவை மூன்றும் எப்போதும் ஒன்றாகத்தானே வந்தன! ஏப்ரல் 5 அன்று சல்லிவன் செய்தது அவற்றைப் பிரித்ததுதான். ஒரு கையில் குவளை, அது நிரம்பி வழிந்து சில்லென்று கையை நனைக்கிறது. அதே நேரத்தில் இன்னொரு கையில் 'வாட்டர்', திரும்பத் திரும்ப. குவளை கீழே விழுந்துவிட்டது. இப்போது குவளையும் இல்லை, குடிப்பதும் இல்லை. தண்ணீரும் அந்த எழுத்துகளும் மட்டும்தான். அன்றே சில மணி நேரத்தில் முப்பது புதுச் சொற்கள்.

படம் அத்தோடு முடிந்துவிடுகிறது. சல்லிவன் அப்புறம் ஒன்று செய்தார்: நேரம் ஒதுக்கிப் பாடம் நடத்துவதை விட்டுவிட்டு, கைக்குழந்தையின் காதில் நாம் பேசுவதுபோல, புரிகிறதோ இல்லையோ முழு வாக்கியங்களாகவே ஹெலனின் கைக்குள் நாள் முழுக்கப் பேச ஆரம்பித்தார்.