மூங்கில் தாள் நூல்களில் செலோடேப் ஒட்டாதீர்கள்

பழைய தாள்களைச் செப்பனிடும் என் மேசைக்கு, சிங் அரசமரபுக் காலத்துச் (1644–1912) சீன அச்சு நூல் ஒன்று வந்தது. கிழிந்த இடங்களிலெல்லாம் செலோடேப். ஒட்டியவர் நூலைக் காப்பாற்றத்தான் நினைத்திருக்கிறார். ஆனால் பசை தாளுக்குள் ஊறிப் பழுப்புப் பட்டையாக இறங்கியிருந்தது. நாடாவின் நுனியை மெல்லத் தூக்கியபோது ஓர் எழுத்தின் பாதி அதனோடு உரிந்து வந்தது.

சீனத் தாள் எதைக் கண்டாலும் 'அரிசித் தாள்' என்று சொல்லிவிடுகிறோம். இந்த நூலின் தாள் இளமூங்கிலால் ஆனது. செஜியாங் மாகாணத்து ஃபூயாங், சிச்சுவானின் ஜியாஜியாங் ஆகிய ஊர்களில் இன்றும் இதைக் கையால் செய்கிறார்கள். 1637இல் வெளியான 'தியாங்கொங் கைவூ' என்னும் தொழில்நூல், வெட்டிய மூங்கிலை நூறு நாளுக்கு மேல் குளத்தில் ஊறவைத்து, அடித்துப் பச்சைத் தோலை நீக்கி, சுண்ணாம்புப் பாலில் தோய்த்து, எட்டுப் பகலும் எட்டு இரவும் வேகவைக்க வேண்டும் என்கிறது. அத்தனை உழைப்புக்குப் பிறகும் அது மலிவான தாளாகவே இருந்தது. அதனால்தான் அச்சகங்களும் தூரிகை எழுத்துப் பழகுவோரும் அதை விரும்பினார்கள்.

மூங்கில் நாரின் நீளம் சுமார் 2 மில்லிமீட்டர்தான். மல்பெரிப் பட்டையின் நார் அதைப்போலப் பல மடங்கு நீளமானது. நார் குட்டையாக இருப்பதால் மடிப்பில் தாள் எளிதில் விட்டுப்போகிறது. நாரில் எஞ்சியிருக்கும் லிக்னின் என்னும், தாவரத்துக்கு உறுதி தரும் பொருள் வெளிச்சம் பட்டுப் பழுப்பேறுகிறது. ஆகவே இத்தகைய நூலை வெயில் படும் அலமாரியில் வைக்காதீர்கள். லேமினேஷன் செய்யவே செய்யாதீர்கள், சூட்டில் ஒட்டிய பிளாஸ்டிக்கைப் பின்னர் நீக்குவது மிகக் கடினம். தென்சீனாவின் குவாங்டொங் பகுதி நூல்களில் முன்னும் பின்னும் ஆரஞ்சு நிறத் தாள் இருந்தால், அது பூச்சி அரிக்காமல் இருக்க ஈயச் செந்தூரம் பூசியதாக இருக்கக்கூடும். ஈயம் நஞ்சு என்பதால், எச்சில் தொட்டுப் பக்கம் புரட்டாமல், படித்தபின் கையைக் கழுவிக்கொள்ளுங்கள்.

கிழிசலைக் கண்டால் எதையும் ஒட்டாமல், நூலை அமிலமற்ற அட்டைப் பெட்டியில் கிடத்திவைத்துச் செப்பனிடுவோரிடம் கொடுங்கள். சீன நூலின் ஒவ்வோர் ஏடும் ஒருபக்கம் மட்டும் அச்சிட்டு நடுவில் மடித்தது என்பதால், அந்த மடிப்பைத் திறந்து, கோதுமை மாப்பசையால் மெல்லிய தாளை உட்புறத்தில் ஒட்டுவோம். தண்ணீர் பட்டால் இளகிவிடும் பசை அது; நாளை வேறொருவர் பிரிக்க வேண்டுமென்றாலும் பிரிக்கலாம். செலோடேப்போடு உரிந்த அந்த அரை எழுத்தை மீட்டு, அதன் மறுபாதியோடு பொருத்த எனக்கு இரண்டு நாள் பிடித்தது.