ஃபைல்களை காப்பி பண்ணினால் சிஸ்டம் திரும்பி வருமா?

பேக்கப் எடுத்தாச்சா என்று கேட்டால் பலரும் சொல்வது, போட்டோ, டாகுமெண்ட் எல்லாம் எக்ஸ்டர்னல் டிஸ்கில் போட்டு வைத்திருக்கிறேன் என்பதுதான். நல்லது. ஆனால் நாளைக்கே டிஸ்க் செத்துப்போனால் விண்டோஸ், அதில் நிறுவிய மென்பொருள்கள், பார்த்துப் பார்த்து மாற்றி வைத்த செட்டிங்ஸ் எதுவும் அந்த காப்பியிலிருந்து திரும்ப வராது. சரி, சி டிரைவை முழுக்க காப்பி பண்ணினால்? அதுவும் வேலைக்கு ஆகாது.

ஒரு மென்பொருளை நிறுவும்போது அது தன் ஃபோல்டரில் மட்டும் உட்காருவதில்லை, விண்டோஸ் தன் செட்டிங்ஸையெல்லாம் சேமிக்கும் ரெஜிஸ்ட்ரியிலும் எழுதி வைக்கிறது. அந்த ரெஜிஸ்ட்ரி ஃபைல்களை, விண்டோஸ் ஓடும்வரை, வேறு யாரும் காப்பி எடுக்க முடியாதபடி அதுவே பிடித்து வைத்திருக்கும். லேப்டாப்பைக் கிளப்பிவிடும் பூட் ஃபைல்களோ சி டிரைவிலேயே இல்லை. பெரும்பாலும் 100 எம்பி அளவில், டிரைவ் எழுத்துகூட இல்லாத இஎஃப்ஐ பார்ட்டிஷன் என்ற தனிப் பகுதியில் ஒளிந்திருக்கின்றன.

அதனால்தான் டிஸ்க் இமேஜ். இது ஃபைல்களுக்கும் ஒரு படி கீழே இறங்கி, பார்ட்டிஷன் அமைப்போடு சேர்த்து டிஸ்கை பிளாக் பிளாக்காக, அதாவது சின்னச் சின்னத் துண்டுகளாக, வாசிக்கிறது. டிஸ்க் 512 ஜிபி என்றால் அத்தனையையும் வாசிக்க வேண்டியதில்லை. விண்டோஸ் டிஸ்கில் ஃபைல்களை அடுக்கி வைக்கும் முறையான என்டிஎஃப்எஸ் தன்னிடம் ஒரு வரைபடம் வைத்திருக்கிறது, வழக்கமாக 4 கேபி துண்டு ஒவ்வொன்றுக்கும் ஒரு பிட், 1 என்றால் நிரம்பியது, 0 என்றால் காலி. அதைப் பார்த்து நிரம்பியதை மட்டும் எடுத்து, சுருக்கி வைத்துவிடும்.

எனக்கு ரொம்பப் பிடித்த இடம் அடுத்து வருவது. காப்பி 10 மணிக்குத் தொடங்கி 10.30க்கு முடிகிறது, அதற்குள் நீங்கள் ஒரு ஃபைலை சேவ் செய்கிறீர்கள் என்று வையுங்கள். பாதி பழசு, பாதி புதுசு என்று இமேஜ் கலந்துபோக வேண்டுமே? போகாது. ஷேடோ காப்பி என்ற வசதி 10 மணிக்கு ஒரு கணம் எழுதுவதை நிறுத்திக் கோடு போட்டுவிடும். அதன்பிறகு எந்த பிளாக்கின் மேல் புதிதாக எழுத வந்தாலும், பழைய உள்ளடக்கத்தை முதலில் ஓரமாக எடுத்து வைத்துவிட்டுத்தான் அனுமதிக்கும். பேக்கப் மென்பொருள் அந்த பிளாக்கைக் கேட்கும்போது ஓரத்தில் இருக்கும் பழசுதான் போகும். 10.20க்கு வாசித்தாலும் கிடைப்பது 10 மணி நிலவரம்.

அடுத்தடுத்த முறை மாறிய பிளாக்குகளை மட்டும் சேமிப்பது இன்கிரிமென்டல். இடம் மிச்சம்தான், ஆனால் சங்கிலியில் ஒன்று கெட்டால் அதற்குப் பின்னால் வருபவை எல்லாம் போச்சு. அதனால் அவ்வப்போது முழு இமேஜ் எடுத்துவிடுவதே என் வழக்கம்.

ரீஸ்டோர் செய்யும்போது, ஓடிக்கொண்டிருக்கும் விண்டோஸ் தன்மேலேயே எழுதிக்கொள்ள முடியாது. ஆகவே பென்டிரைவிலிருந்து ஒரு குட்டி சிஸ்டத்தைக் கிளப்பி, அங்கிருந்து எழுத வேண்டும். வேறு மாடல் லேப்டாப்பில் எழுதினால், அதன் ஸ்டோரேஜ் கன்ட்ரோலரை (டிஸ்கை இயக்கும் சிப்) விண்டோஸுக்குப் புரியவைக்கும் டிரைவர் மென்பொருள் இமேஜில் இல்லாமல் நீலத்திரையில் நிற்கலாம். டிஸ்கைப் பூட்டி வைக்கும் பிட்லாக்கர் போட்டிருந்தால் 48 இலக்க ரெக்கவரி கீயைக் கேட்கவும் வாய்ப்புண்டு, அதை அந்த லேப்டாப்புக்குள்ளேயே சேமித்து வைத்துப் பயனில்லை.

இமேஜ் எடுத்த அன்றே அந்த பென்டிரைவில் ஒருமுறை பூட் பண்ணிப் பாருங்கள். உள் டிஸ்க், இமேஜ் இருக்கும் டிஸ்க் இரண்டும் திரையில் தெரிய வேண்டும். உள் டிஸ்க் தெரியவில்லை என்றால் பென்டிரைவில் கன்ட்ரோலர் டிரைவரைச் சேர்க்க வேண்டும். இரண்டும் தெரிந்தால், ரீஸ்டோரை அழுத்தாமல் வெளியே வந்துவிடுங்கள்.