கிரியாட்டினின் ஏறும் முன்பே விழும் தழும்பு

"கிரியாட்டினின் 0.9தான் டாக்டர், கிட்னிக்கு ஒண்ணும் இல்லைன்னு சொன்னாங்க." கிரியாட்டினின் என்பது சிறுநீரகம் ரத்தத்திலிருந்து வெளியேற்றும் கழிவு. பல வருடமாகச் சுகர் இருப்பவர்கள் பலரும் இந்த நம்பிக்கையோடுதான் என்னிடம் வருகிறார்கள். ஃபைலைப் புரட்டினால் வெறும் வயிற்றுச் சுகர், சாப்பிட்ட பின் சுகர், மூன்று மாதச் சராசரிச் சுகரைக் காட்டும் ஹெச்பிஏ1சி எல்லாம் வரிசையாக இருக்கும். சிறுநீரில் அல்புமின் என்ற புரதம் கசிகிறதா என்று பார்த்த ரிப்போர்ட் ஒன்றுகூட இருக்காது. பார்க்கும்போதெல்லாம் மனம் ஆறவில்லை. சிறுநீரகத்தின் வேலைத்திறன் ஏறக்குறையப் பாதி போன பிறகுதான் பலருக்குக் கிரியாட்டினின் நார்மலைத் தாண்டுகிறது.

அதுவரை உள்ளே என்ன நடக்கிறது? சுகரும் பிரஷரும் வடிகட்டிகளைப் பழுதாக்க, ரத்தத்தில் இருக்க வேண்டிய அல்புமின் சிறுநீரில் கசிகிறது. கசிவு நோயின் அடையாளம் மட்டுமல்ல, நோயை வளர்ப்பதும் அதுதான். வடிகட்டிக்கு அடுத்துள்ள நுண்குழாய்ச் செல்கள் இந்தப் புரதத்தை உள்ளிழுத்து உள்ளிழுத்துத் திணறுகின்றன. திணறும் செல் எம்சிபி-1 போன்ற ரசாயனங்களை விட்டு, ரத்தத்திலிருந்து வெள்ளணுக்களை வரவழைக்கிறது. வந்த அணுக்கள் இன்னும் பல அழற்சிச் சமிக்ஞைகளை எழுப்புகின்றன. அவற்றில் முக்கியமானது டிஜிஎஃப்-பீட்டா. இதன் தூண்டுதலில் சாதாரண இணைப்புத்திசுச் செல்கள் கொலாஜன் நாரைச் சுரக்கும் செல்களாக மாறிவிடுகின்றன.

கையில் வெட்டுப்பட்டால் அழற்சி வந்து, காயம் ஆறி, தழும்போடு வேலை முடிந்துவிடும். சிறுநீரகத்தில் கசிவு நிற்காததால் அழற்சியும் ஓய்வதில்லை, நார் படிவதும் நிற்பதில்லை. நார் கூடும் இடத்தில் நுண்ணிய ரத்தக்குழாய்கள் அழிகின்றன. ஆக்சிஜன் குறைந்த பக்கத்துச் செல்களும் அதே அபாயக்குரலை எழுப்புகின்றன. ஒவ்வொரு சிறுநீரகத்திலும் சுமார் 10 லட்சம் நெஃப்ரான்கள், அதாவது வடிகட்டியும் நுண்குழாயும் சேர்ந்த நுண்ணிய அலகுகள், உண்டு. பிறந்த பிறகு புதிதாக ஒன்றுகூட உருவாகாது.

பயாப்ஸி எடுத்த திசுவில் மாசன் ட்ரைக்ரோம் சாயம் ஏற்றிப் பார்த்தால் நார்ப்பகுதி நீலமாகத் தெரியும். நல்ல சிறுநீரகத்தில் குழாய்கள் இடைவெளியே இல்லாமல் நெருக்கமாக அடுக்கியிருக்கும். முற்றிய நோயில் நீலப் பரப்புக்கு நடுவே சுருங்கிப்போன குழாய்கள் அங்கொன்றும் இங்கொன்றுமாகக் கிடக்கும். அந்த நீலத்தைக் கரைக்கும் மருந்து இன்று நம்மிடம் இல்லை. பரவாமல் தடுக்கத்தான் முடியும்.

அதனால்தான் யூரின் அல்புமின்-கிரியாட்டினின் விகிதத்தை இவ்வளவு வற்புறுத்துகிறேன். இரண்டாம் வகைச் சர்க்கரை நோய் என்றால் கண்டுபிடித்த அன்றே பார்த்து, பிறகு வருடம் ஒருமுறை பார்க்க வேண்டும். காலை முதல் சிறுநீர் போதும். ஒரு கிராம் கிரியாட்டினினுக்கு அல்புமின் 30 மில்லிகிராமுக்கு மேல் வந்தால் மறுபடி எடுத்து உறுதி செய்வோம், ஏனென்றால் காய்ச்சல், நீர்க்கடுப்பு இருந்தாலும் தற்காலிகமாக ஏறும்.

உறுதியானால் மருந்து உண்டு. லோசார்டான் போன்ற பிரஷர் மாத்திரைகள் வடிகட்டிக்குள் இருக்கும் அழுத்தத்தைக் குறைத்துக் கசிவை அடக்குகின்றன. 2001-ல் வந்த ஆய்வுகளே இதைக் காட்டிவிட்டன. 2020-ல் வந்த ஆய்வில் டாபாக்லிஃப்ளோசின் என்ற சுகர் மாத்திரை, சுகர் இல்லாத சிறுநீரக நோயாளிகளுக்கும் பலன் தந்தது. அதே வருடம் வந்த ஃபினரினோன் ஆய்வும் சர்க்கரை நோயாளிகளில் சிறுநீரகச் சரிவு குறைந்ததைக் காட்டியது. அழற்சியையும் நார் படிவதையும் தூண்டும் ஆல்டோஸ்டிரோனின் வேலையைத் தடுக்கும் மருந்து அது. பொட்டாசியத்தைக் கவனித்துக்கொண்டே கொடுக்க வேண்டும். ஆனால் மூட்டுவலிக்கு, சிறுநீரகத்தைக் கெடுக்கக்கூடிய டைக்ளோஃபெனாக் என்ற வலி மாத்திரையை மெடிக்கல் ஷாப்பில் கேட்டு வாங்கி மாதக்கணக்கில் விழுங்கினால் இத்தனையும் வீண்.

இன்னொன்று. "பிரஷர் நார்மலாயிடுச்சு, அதான் நிறுத்திட்டேன்" என்று சொல்பவர்கள் நிறைய. கசிவு இருக்கிறவருக்கு அந்த மாத்திரை சிறுநீரகத்துக்காகவும்தான். ஆரம்பித்த சில வாரங்களில் கிரியாட்டினின் 1.2-லிருந்து 1.4 ஆகலாம். 30 சதவீதம் வரையிலான ஏற்றத்தைப் பெரும்பாலும் ஏற்றுக்கொண்டு தொடர்வோம். அதைப் பார்த்துப் பயந்து நீங்களாக நிறுத்தாதீர்கள், ரிப்போர்ட்டோடு டாக்டரிடம் வாருங்கள். வாந்தி, பேதி வந்து உடலில் நீர் வற்றும் நாட்களில் மட்டும் சில மாத்திரைகளைத் தற்காலிகமாக நிறுத்தச் சொல்வோம். எவற்றை, எத்தனை நாளுக்கு என்பதை முன்கூட்டியே கேட்டுச் சீட்டில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.