கார்த்தா தே லோகு: சொல்லும் பொருளும்

மத்தியதரைக் கடலில் உள்ள சார்டீனியா தீவின் பழைய சட்டத் தொகுப்புதான் 'கார்த்தா தே லோகு'. 'லோகு' என்றதும் நமக்கு லோகம் நினைவுக்கு வரும், சம்பந்தமே இல்லை. இடம் என்று பொருள்படும் 'லோகுஸ்' என்ற லத்தீன் சொல்தான் சார்டீனிய மொழியில் 'லோகு' ஆனது. 'கார்த்தா' என்றால் எழுதிய ஏடு.

இடைக்காலத்தில் அந்தத் தீவில் நான்கு அரசுகள் இருந்தன. ஒவ்வோர் அரசின் ஆட்சியாளருக்கும் பட்டம் 'நீதிபதி'. நடைமுறையில் அவர் அரசர்தான். அவருடைய ஆட்சி எல்லைக்குள் அடங்கிய நிலமே லோகு. அப்படித்தான் வெறும் 'இடம்' நாடாயிற்று.

நான்கில் கடைசிவரை நின்றது அர்போரேயா. அதை ஆண்ட எலியோனோரா, தந்தை தொகுத்த சட்டங்களைத் திருத்தி 1392 வாக்கில் வெளியிட்டார். 198 அத்தியாயங்கள், அதுவும் லத்தீனில் அல்ல, மக்கள் பேசிய சார்டீனிய மொழியில். செப்டம்பர் 8க்கு முன் அறுவடைத் தாளுக்குத் தீ வைக்கக் கூடாது என்பதுவரை அதில் உண்டு. கெடுக்கப்பட்ட கன்னிப் பெண்ணைக் கெடுத்தவனுக்கே மணம் முடிக்க வேண்டுமானால் அவள் சம்மதம் வேண்டும் என்கிறது. இன்று போதாதுதான்; அந்தக் காலத்துக்கு அது சின்ன விஷயமல்ல.

1420இல் அர்போரேயாவின் கதை முடிந்தது. தீவு ஏறக்குறைய முழுவதும், இன்றைய ஸ்பெயினில் இருந்த அரகோன் நாட்டு அரசர் கைக்குப் போனது. வென்றவர்கள் அந்தச் சட்டத்தை ஒழிக்கவில்லை. அடுத்த ஆண்டே, அந்த அரசர் அல்போன்சோ கூட்டிய நாடாளுமன்றத்தில், தீவின் மற்ற பிரபுக்களின் நிலங்களுக்கும் அதை விரித்தார்கள். காலியாரி, சாசாரி போன்ற அரச நகரங்களுக்குத் தனிச் சட்டங்கள் இருந்ததால் அவை மட்டும் வெளியே நின்றன. இப்படி லோகு என்பது ஓர் அரசின் எல்லை என்பது போய், நாட்டுப்புறம் முழுவதுக்குமான பெயர் போல ஆனது. அப்புறம் ஸ்பானிய முடியாட்சியின் கீழ் 1564இல் உயர் நீதிமன்றம் வந்தது. 1567இல் இந்தச் சட்டத்துக்கு லத்தீனில் உரையே அச்சானது. 1720இல் தீவு சவோய் வம்சத்துக்குக் கைமாறியபோதும் அது செல்லுபடியாகவே இருந்தது. 1827இல் அந்த வம்சத்து அரசர் கார்லோ பெலிச்சேயின் சட்டத் தொகுப்பு வந்த பிறகே விலகியது.

தமிழில் எப்படிச் சொல்வது? இங்கிலாந்தின் மாக்னா கார்ட்டாவை மகாசாசனம் என்று எழுதிய பழக்கத்தில் இதையும் சாசனம் எனத் தோன்றும். ஆனால் அது பிரபுக்கள் அரசரிடம் வாங்கிய உறுதிமொழி. இதுவோ வழக்குகளைத் தீர்க்கும் சட்டம். சோழர் காலத்தில் ஊர்கள் பல சேர்ந்த நிலப்பகுதியையும் 'நாடு' என்றே அழைத்தார்கள். அந்தப் பொருளில் 'நாட்டுச் சட்ட ஏடு' என்பதே என் தேர்வு.