எல்லாப் பிரிப்பான்களையும் ஒரே அடைப்புக்குள் போடாதீர்கள்

சென்ற வாரம் ஓர் ஆய்வு மாணவி மடிக்கணினியோடு வந்தார். ஒரு நோயாளியின் விசிஎஃப் கோப்பிலிருந்து (மரபணு மாறுபாடுகளை வரிவரியாகப் பட்டியலிடும் உரைக்கோப்பு) அரிய மாறுபாடுகளை மட்டும் வடிகட்டியிருந்தார். இன்னோர் ஆய்வகம் உறுதிசெய்த மாறுபாடு ஒன்று அவருடைய பட்டியலில் இல்லை. கட்டளையோ பிழைச்செய்தி எதுவும் காட்டாமல் ஓடி முடிந்திருந்தது. திரையைப் பார்த்ததுமே காரணம் தெரிந்தது. இதே தவறை இன்னும் எத்தனை பேரிடம் பார்ப்பேனோ!

வரிகளைத் துண்டுகளாக வெட்டித் தரும் ஆக் (awk) கட்டளையில் டேப், அரைப்புள்ளி, சமக்குறி ஆகிய மூன்று பிரிப்பான்களையும் ஒரே சதுர அடைப்புக்குள் போட்டு, அதாவது எது வந்தாலும் வெட்டு என்று சொல்லி, 11ஆவது துண்டைக் கேட்டிருந்தார். முதல் சில வரிகளில் அந்த இடத்தில் அலீல் விகிதம், அதாவது அந்த மரபணு வடிவம் எவ்வளவு அரிது என்று காட்டும் எண், இருந்ததாம். எல்லா வரியிலும் அங்கேதான் இருக்கும் என்று யார் சொன்னது?

பிரிப்பான்கள் ஒன்றுக்குள் ஒன்றாக இருப்பவை. டேப் பிரிப்பது நெடுவரிசைகளை. கூடுதல் தகவல்கள் இருக்கும் எட்டாவது நெடுவரிசைக்குள் அரைப்புள்ளி, அதற்குள் சமக்குறி, மதிப்புக்குள் காற்புள்ளி. மாறுபாட்டின் விளைவை விளக்கும் ஸ்னிப்எஃப் (SnpEff) மென்பொருளின் குறிப்பைச் சேர்த்திருந்தால் அதற்குள் செங்குத்துக் கோடும் (|) வரும். எல்லாவற்றையும் ஒரே மட்டத்தில் வெட்டினால் எது எதற்குள் இருந்தது என்பதே அழிந்துவிடும். வெறும் எண்ணிக்கைதான் மிஞ்சும், அந்த எண்ணிக்கையும் வரிக்கு வரி மாறும். ‘டிபி=32;ஏஎஃப்=0.004’ (டிபி வாசிப்பு ஆழம், ஏஎஃப் அலீல் விகிதம்) என்றிருந்தால் 11ஆவது துண்டு 0.004. முன்னால் ‘ஏசி=1’ என்று இன்னொரு தகவல் சேர்ந்துவிட்டால் அதே இடத்தில் 32 வந்து நிற்கும். 0.01க்குக் கீழே இருப்பதை மட்டும் கேட்ட வடிகட்டி அந்த வரியைத் தூக்கி எறிந்துவிட்டது. தேடிய மாறுபாடு அதில்தான் இருந்தது.

‘சோமாடிக்’ போல மதிப்பில்லாமல் பெயர் மட்டும் வரும் கொடிகளுக்குச் சமக்குறியே கிடையாது. மூன்றாவது, ஏழாவது நெடுவரிசைகளிலும் அரைப்புள்ளி சட்டப்படி வரலாம். வடிவத்தின் விதிமுறை ஆவணத்தைத் தயவுசெய்து ஒருமுறையாவது படியுங்கள்.

முதலில் டேப்பால் மட்டும் பிரியுங்கள். எட்டாவது நெடுவரிசையை எடுத்து, ஆக்கின் ஸ்பிளிட் செயற்கூறால் அரைப்புள்ளியில் வெட்டுங்கள். ஒவ்வொரு துண்டையும் சமக்குறியில் பிரித்து, மதிப்பைப் பெயரால் தேடுங்கள், இடத்தால் தேடாதீர்கள். பெயர் முழுதாகப் பொருந்த வேண்டும்: ‘ஏஎஃப்=’ என்று கிரெப் (grep) தேடல் கட்டளையில் கொடுத்தால் ‘சிஏஎஃப்=’ என்பதும் சேர்ந்து சிக்கும். காற்புள்ளி கடைசியில்தான். ஒரே இடத்தில் இரண்டு மாற்று அலீல்கள் இருந்தால் விகிதமும் இரண்டு இருக்கும், முதலாவதை மட்டும் எடுத்துக்கொண்டு போய்விடாதீர்கள்.

மரபணுக்களின் இருப்பிடங்களைக் குறிக்கும் ஜிஎஃப்எஃப்3 கோப்புகளில் வேலை செய்பவர்களுக்கு ஒன்று: மதிப்புக்குள் வரும் டேப் ‘%09’ என்று எழுதப்பட்டிருக்கும், அரைப்புள்ளிக்கும் காற்புள்ளிக்கும் இதேபோன்ற குறியீடுகள் உண்டு. எல்லா மட்டங்களையும் பிரித்து முடித்த பிறகே அவற்றை மாற்றுங்கள். முன்பே மாற்றினால் மதிப்பின் நடுவில் புதிய பிரிப்பான் முளைக்கும்.

நோயாளியின் முடிவு சம்பந்தப்பட்டதென்றால் இதையெல்லாம் கையால் செய்யவே வேண்டாம். விசிஎஃப் கோப்புகளைக் கையாளவே எழுதப்பட்ட பிசிஎஃப்டூல்ஸ் (bcftools) மென்பொருளின் குவெரி கட்டளை பெயரைச் சொன்னால் மதிப்பை எடுத்துத் தரும். அந்த மாணவியும் அதில்தான் மறுபடி ஓட்டினார். விடுபட்ட மாறுபாடு பட்டியலுக்கு வந்தது, அதோடு அவர் தேடியே இராத இன்னும் சிலவும் வந்தன.