மர்மமா, புதிரா?

என் தங்கையின் மகள் ஏழாம் ஆண்டில் படிக்கிறாள். ‘திருகோணமலையின் மர்மங்கள்’ என்று பாடசாலையில் ஒரு கட்டுரை கேட்டிருந்தார்கள். கன்னியா வெந்நீர்க் கிணறுகள், கோட்டை வாசல் கல்வெட்டு, கடலுக்கடியில் கிடக்கும் கோயில் தூண்கள் என்று மூன்றைக் குறித்துக்கொண்டு வந்தவள், “மாமா, மர்மமும் புதிரும் ஒண்டுதானே?” என்று கேட்டாள். இல்லை என்று உடனே சொல்லிவிட்டேன். ஏன் இல்லை என்று சொல்லி முடிக்க ஒரு பின்னேரம் முழுவதும் போனது.

மர்மம் வடசொல். மூலம் ‘மர்மன்’, இறத்தலைக் குறிக்கும் வேரோடு அதைச் சேர்த்துச் சொல்வார்கள். உடலில் எந்த இடத்தில் அடிபட்டால் உயிர் போகுமோ அந்த இடம்தான் மர்மம். சுசுருதரின் ஆயுர்வேத நூல் அப்படி 107 இடங்களைக் கணக்கிடுகிறது. தமிழ் மருத்துவ மரபு 108 என்று எண்ணியது. சொல்லையும் தன் வாய்க்கு ஏற்ப ‘வர்மம்’ ஆக்கிக்கொண்டது. வர்மக்கலை என்று நாம் சொல்வது இதைத்தான். பழைய செய்யுள்களில் ‘மருமம்’ என்றும் வரும். அங்கே அது மார்பு, எதிரியின் வேல் தேடி வரும் இடம்.

உயிர்நிலை எதுவென்று யாரும் எதிரிக்குக் காட்டமாட்டார்கள், ஒளித்தே வைப்பார்கள். அதனால் ‘உயிர் போகும் இடம்’ என்ற பொருள் மெல்ல ‘ஒளித்து வைத்தது’ என்று நகர்ந்தது. ‘மர்ம உறுப்பு’ என்று செய்தித்தாள்கள் எழுதும்போது அந்த இடைப்பொருள் இன்னும் இருப்பதைப் பார்க்கலாம். அதற்கப்புறம் வந்ததுதான் ‘ஒருவருக்கும் விளங்காதது’ என்ற இன்றைய பொருள். ஆங்கிலத்தின் மிஸ்டரிக்கு நேராக நிறுத்தப்பட்டு, மர்மக் கதை, மர்ம நபர், மர்மப் பொருள் என்று அது பெருகிவிட்டது.

மிஸ்டரி என்ற சொல்லும் முதலில் இந்தப் பொருளில் பிறந்ததல்ல. கிரேக்கத்தில் கண்ணையோ வாயையோ மூடிக்கொள்வதைக் குறிக்கும் வினையோடு சேர்ந்தது அது. சில வழிபாட்டுச் சடங்குகளில் தீட்சை பெற்றவர் உள்ளே கண்டதை வெளியே சொல்லக்கூடாது. அந்த வாய்மூடல்தான் சொல்லாயிற்று. இதற்கு நம்மிடம் மறை என்ற நல்ல சொல் இருக்கிறது. வேதத்துக்கே மறை என்று பெயர் வைத்த மொழி இது. கத்தோலிக்கர் பூசையில் ‘மறைபொருள்’ என்று சொல்வது மிஸ்டரியின் அந்த மூலப்பொருளுக்கு மிகப் பொருத்தமானது. அறிந்தவர் ஒருவர் இருக்கிறார், அறியாதவருக்கு அது மூடியிருக்கிறது என்பதுதான் மறைபொருள்.

புதிரைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லான எனிக்மாவின் கதை வேறு. அதுவும் கிரேக்கம்தான், ஆனால் பொடிவைத்துப் பேசுவதைக் குறிக்கும் வினையிலிருந்து வந்தது. பேசுகிறவர் விடையைத் தன் பேச்சுக்குள்ளேயே வைத்துவிடுகிறார், கேட்பவர் தேடி எடுக்கவேண்டும். இரண்டாம் உலகப் போரில் ஜெர்மானியர் பயன்படுத்திய சங்கேத இயந்திரத்துக்கு எனிக்மா என்று பெயர் வைத்தது பொருத்தம்தான். 1932 இலேயே மரியன் ரெயெவ்ஸ்கி என்ற போலந்துக் கணித அறிஞர் அதன் உள்ளமைப்பைக் கணக்குப் போட்டே கண்டுபிடித்துவிட்டார். விடை உள்ளே இருந்தது, எடுத்தார்கள்.

இந்த எனிக்மாவுக்குத் தமிழில் மிகப் பழைய சொல் பிசி. தொல்காப்பியம் செய்யுளியலில் இதற்கு இலக்கணமே இருக்கிறது: ‘ஒப்பொடு புணர்ந்த உவமத்தானும், தோன்றுவது கிளந்த துணிவினானும்’ என்று பிசி இரண்டு வகை. ஒன்றை இன்னொன்றாக உவமித்துச் சொல்வது ஒரு வகை. கண்ணுக்குத் தோன்றுவதைச் சொல்லி மற்றதை ஊகிக்கவிடுவது மற்ற வகை. பாட்டு, உரை, நூலோடு ஒரே வரிசையில் பிசியையும் வைத்தார்கள் என்பதை நினைத்தால் எனக்குப் பெருமையாக இருக்கும்.

பிசி வழக்கொழிந்துவிட்டது. விடுகதை எல்லோருக்கும் தெரியும். எங்கள் வீட்டில் அதற்கு நொடி என்றுதான் பெயர். அம்மம்மா விளக்கடியில் இருந்துகொண்டு, “ஒரு நொடி போடுறன், அவிழ் பாப்பம்” என்பார். “கட்டாத கிணத்தில எட்டாத தண்ணி, அது என்ன?” இளநீர் என்று சொல்ல எனக்கு இரண்டு நாள் ஆனது. நொடியை யாரும் ‘தீர்ப்பது’ இல்லை, அவிழ்ப்பார்கள். அதாவது அது ஒரு முடிச்சு. முடிச்சுப் போட்டது ஒரு கை என்றால் அவிழ்க்க இன்னொரு கையால் முடியும் என்ற நம்பிக்கை அந்த வினைச்சொல்லுக்குள்ளேயே இருக்கிறது.

இனி, புதிர். எங்கள் ஊரில் இந்தச் சொல்லுக்கு இன்னொரு முகமும் உண்டு. தைப்பூசத்தோடு ஒட்டி வயலில் முதற்கதிர் அறுத்து, புது அரிசி பொங்கிப் படைத்து உண்பதை ஈழத்தில் ‘புதிர் எடுத்தல்’ என்போம். தம்பலகாமத்து வயலில் விளைந்த புது நெல்லுக்கும் விடைதெரியாக் கேள்விக்கும் ஒரே பெயர். இரண்டுக்கும் வேர் ஒன்றுதான் என்று நான் வாதாட வரவில்லை. ஆனால் புதிர் அரிசி பொங்கியதும் வரும் ஒவ்வொரு பருக்கைக்கும் ‘அவிழ்’ என்றே பெயர் என்பது எனக்குச் சின்ன வயதிலிருந்தே பிடித்த விஷயம்.

சரி, மருமகளின் மூன்று மர்மங்களுக்கு வருவோம்.

கன்னியாவில் ஏழு கிணறுகள் அருகருகே இருக்கின்றன, ஒவ்வொன்றிலும் சூடு வேறு. தாயின் இறுதிக்கடனுக்கு இராவணன் நிலத்தில் குத்தி உண்டாக்கியவை என்பது நம் ஐதீகம். இலங்கையில் எரிமலை கிடையாது. ஆனாலும் மழைநீர் பாறைப் பிளவுகள் வழியாக ஆழத்துக்கு இறங்கும். ஆழம் கூடக்கூடப் பூமியின் சூடும் கூடும். சூடேறிய நீர் வேறு பிளவுகளால் மேலே வரும். வரும் வழியில் மேல்மட்டத்துத் தண்ணீரோடு எவ்வளவு கலக்கிறதோ அதைப் பொறுத்துச் சூடும் மாறும். எனக்கு இது பெரும்பாலும் அவிழ்ந்த புதிர். அவிழ்ந்துவிட்டதால் கிணற்றடியில் வாளியைக் கையில் எடுக்கும்போது வரும் வியப்புக் குறைவதில்லை.

கோட்டை வாசல் கல்வெட்டுத்தான் உண்மையான புதிர். கோணேசர் கோயிலுக்குப் போகிற எல்லோரும் அந்த வாசலைத் தாண்டித்தான் போகிறோம், மான்களைப் பார்க்கிற அவசரத்தில் கல்லைப் பார்ப்பதில்லை. அதில் மீன் சின்னம் உண்டு. எழுத்துகள் பாதி சிதைந்து கிடக்கின்றன. ‘முன்னே குளக்கோட்டன் மூட்டும் திருப்பணியைப் பின்னே பறங்கி பிரிக்கவே’ என்று அறிஞர்கள் நிரப்பி வாசித்தார்கள். அதற்கடுத்த வரிகளை வாசிப்பவர்கள் ஒருவருக்கொருவர் வேறுபடுகிறார்கள். ஊர் வாயிலோ பூனைக்கண்ணன், புகைக்கண்ணன், செங்கண்ணன் என்று ஒரு தொடர்ச்சி இருக்கிறது. ஆண்ட வெள்ளையர்களை வரிசைப்படுத்தி அதற்குப் பொருள் சொல்வார்கள். நடக்கப்போவதை முன்கூட்டியே எழுதினார்களா, நடந்தபின் எழுதினார்களா? இந்தக் கேள்வி இன்னும் முடிச்சாகவே இருக்கிறது.

குளக்கோட்டன் யார் என்பதும் அப்படித்தான். குளமும் கோட்டமும் கட்டியவன் என்பது பெயரின் விளக்கம். கந்தளாய்க் குளமும் கோணேசர் கோயில் திருப்பணியும் அவன் பேரில் சொல்லப்படுகின்றன. கோட்டைக்குள் கிடைத்த ஒரு வடமொழிக் கல்வெட்டு, சோடகங்கன் என்பவன் சக ஆண்டு 1145 இல், அதாவது கி.பி. 1223 இல், இங்கே வந்ததைச் சொல்கிறது. இவனே அவன் என்போர் உண்டு, மறுப்போரும் உண்டு. தம்பலகாமத்து வயல்களுக்குத் தண்ணீர் அந்தக் கந்தளாயிலிருந்துதான் வருகிறது. புதிர்ச் சோறு உண்ணும் நாம் இந்தப் புதிரையும் தேடத்தான் வேண்டும்.

மூன்றாவதைப் பட்டியலிலிருந்து எடுக்கச் சொன்னேன். 1956 இல் எழுத்தாளர் ஆதர் சி. கிளார்க்கும் அவர் நண்பர் மைக் வில்சனும் கோணேசர் கோயில் நிற்கும் சுவாமி மலையடியில் மூழ்கி, செதுக்கிய தூண்களைக் கண்டார்கள். கோயில் கடலுக்குள் போனது எப்படி என்பதில் மர்மம் எதுவும் இல்லை. போர்த்துக்கேயத் தளபதி கொன்ஸ்தந்தீனு த சா காலத்தில், 1622 இல், இடித்தார்கள். கற்களில் ஒரு பகுதி கோட்டைக்குப் போனது, ஒரு பகுதி கடலில் விழுந்தது. செய்தவரும் தெரியும், காரணமும் தெரியும். ‘மர்மமான முறையில் கடலுள் மறைந்த கோயில்’ என்று எழுதினால் செய்தவரின் பெயர் வசனத்திலிருந்து விழுந்துவிடும்.

மர்மம் என்ற சொல்லோடு எனக்கு இருக்கிற பெரிய வழக்கு இதுதான். ‘மர்மமான முறையில் இறந்தார்’, ‘மர்மமாகக் காணாமற்போனார்’ என்று படித்துப் படித்து வளர்ந்த தலைமுறை நாங்கள். அந்த வசனங்களில் எழுவாய் இருக்கும், செய்தவர் இருக்கமாட்டார். பிள்ளைகளைத் தேடும் எங்கள் தாய்மார் இதைச் சரியாகப் பிடித்தார்கள். ‘காணாமற்போனோர்’ அல்ல, ‘காணாமல் ஆக்கப்பட்டோர்’ என்று சொல்லையே மாற்றினார்கள். ஒரு துணைவினை மாறியதும் ஆக்கியவர் யார் என்ற கேள்வி வசனத்துக்குள் வந்து நின்றுவிட்டது. இலக்கணம் படித்தவர்கள் செய்யாத வேலை அது. ஒரு பிள்ளையின் பெயருக்குப் பக்கத்தில் மர்மம் என்று எழுதுவது, அந்தச் சொல்லின் முதற்பொருளான உயிர்நிலையிலேயே அடிப்பது போன்றது.

ஆகவே அன்சால்வ்டு மிஸ்டரி என்று ஆங்கிலத்தில் சொல்வதற்கு ‘அவிழாப் புதிர்’ என்று எழுதலாம் என்பது என் முடிவு. சிந்துவெளி எழுத்து ஓர் அவிழாப் புதிர்: முத்திரைகளில் பெரும்பாலும் நாலைந்து குறிகளே உள்ளன, இருமொழிக் கல்வெட்டு ஒன்றும் கிடைக்கவில்லை. அதிலும் மீன் குறி உண்டு. நீரில் நீந்தும் மீனையும் வானத்து மீனையும் ஒரே ஒலியால் சொல்லும் நம் வழக்கைக் கொண்டு பின்லாந்து அறிஞர் அஸ்கோ பர்ப்போலா அதை விளக்க முயன்றார். வானியலில் டார்க் மேட்டர் எனப்படும் கரும்பொருள் இன்னொன்று. 1933 இல் வானியலாளர் ஃபிரிட்ஸ் ஸ்விக்கி விண்மீன் மண்டலங்களின் வேகத்தைக் கணக்கிட்டு, கண்ணுக்குத் தெரியும் பொருள் போதாது என்றார். இன்றைய கணக்கில் அண்டத்தில் சுமார் 27 சதவீதம் அதுதான். அதை மர்மப் பொருள் என்று எழுதினால் பொலிஸார் கைப்பற்றிய பொதி போல இருக்கும். கரும்பொருள் என்றால் ஒளிராத பொருள். தெரிந்த அளவைச் சொல்லி அங்கேயே நின்றுகொள்கிற நேர்மையான சொல்.

மருமகள் தலைப்பை ‘திருகோணமலையின் அவிழாப் புதிர்கள்’ என்று திருத்தினாள். ஞாயிறு காலை கோட்டை வாசலுக்குக் கொப்பியோடு போனோம். தெரிந்த எழுத்துகளை அப்படியே எழுதினாள், சிதைந்த இடங்களில் ஒவ்வொரு எழுத்துக்கும் ஒரு கட்டம் போட்டு வெறுமையாக விட்டாள், கீழே மீனையும் வரைந்தாள்.